மாங்கனிக் கண்காட்சியில் ஒரு சுவர்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாங்கனிக் கண்காட்சிக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அப்பா ஆரம்பித்த கடை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் எனக்காகக் கொஞ்சம் படம் எடுப்பேன். அந்தப் படங்களுக்காகத்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: வரப்போகும் கண்காட்சியில் இருபதடி நீளத்துக்கு ஒரு சுவர்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை உங்களுக்குத் தெரியாதது அல்ல. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவை வாங்கிக்கொண்டு நம் எல்லைக்குள் வந்ததும் தேங்கும் இடம். மதகைத் திறந்தால், சோப்பும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர் மேலிருந்து விழுந்து கடைபட்டு, நுரையாகப் பொங்கிக்கொண்டு ஓடும். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் விடியும் முன்பே போய் டிரைபாடை ஊன்றினேன். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு ஃபில்டர் போட்டு, ஷட்டரை இருபது விநாடி திறந்து வைத்தேன். இருபது விநாடியில் ஓடுகிற நுரை முழுக்க ஒன்றோடொன்று இழைந்து, மார்கழிப் பனி இறங்கிய மாதிரி ஆகிவிடும். மிதந்து வந்த பாட்டில்கூட படத்தில் தெரியவில்லை. கீழே வெண்மை, மேலே லேசான நீலம், நடுவே ஒற்றை மரம். நானே அசந்துபோனேன்.

வெளியூரில் நடந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பினேன். ஊர்ப்பெயர் எழுதவில்லை, எழுதினால் படத்தின் மவுசு குறையும் என்று பயம். ‘இயற்கை எழில்’ பிரிவில் பரிசு கொடுத்தார்கள். மேடையில் ஒருவர் என் கையைக் குலுக்கி, “எந்த மலை சார் இது, குடும்பத்தோட போகலாமா?” என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். சான்றிதழ் இன்னும் கடையில்தான் இருக்கிறது, பில் புத்தகங்களுக்கு அடியில்.

அடுத்த முறை வேறு மாதிரி எடுத்தேன். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்து, மேக்ரோ லென்ஸோடு கிட்டத்தில் உட்கார்ந்தேன். நுரை அப்படியே உறைந்து நின்றது. ஒவ்வொரு குமிழிலும் வானவில் நிறம். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாக, தலைகீழாக, அணை. குமிழ்களுக்கு நடுவே ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. இதுவும் அழகான படம்தான், ஆனால் இதைப் பார்த்து யாரும் பிக்னிக் கேட்க மாட்டார்கள். (நாற்றத்தைப் படத்தில் கொண்டுவர முடியவில்லை. டிரைபாடின் கால்களை வாசலிலேயே கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.)

நாசமானதை அழகாக எடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு மட்டும் வந்தது அல்ல. கனடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் எட்வர்ட் பர்டின்ஸ்கி நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கல்குவாரிகளையும் சுரங்கங்களையும் வங்கதேசத்துச் சிட்டகாங்கின் கப்பல் உடைக்கும் கரையையும் பிரம்மாண்டமாகப் படம் எடுத்து வருகிறார். அழிவுக்கு அலங்காரம் செய்கிறார் என்று அவரைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அந்தத் திட்டில் பாதிதான் சம்மதம். பேப்பரில் வருகிற நுரைப் படத்தை நாம் அரை விநாடி பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். அழகு ஆளை நிறுத்திவைக்கும். நின்றவனிடம் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால்தான் மோசடி. நான் செய்தது அதைத்தான்.

நம் ஊரில் இதற்கு வழி எப்போதோ இருந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனை வில்லும் வாளுமாக அழகாகத்தான் செதுக்கினார்கள். ஆனால் பக்கத்திலேயே வட்டெழுத்தில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தச் சண்டையில் பட்டான் என்று வெட்டியும் வைத்தார்கள். சிற்பம் பாதி, எழுத்து பாதி.

அப்பாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது இன்னொன்று கிடைத்தது. ஒரு வீட்டு மஞ்சள் நீராட்டு விழா. களத்துமேட்டில் பெண்ணை நிறுத்தி எடுத்திருக்கிறார், பின்னால் கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று. தலைக்குப் பின்னால் கரடு சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக அப்பா தரையில் குத்துக்காலிட்டு எடுத்திருப்பது கோணத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதே பெண்ணின் மகளுக்கு, அதே களத்துமேட்டில், நான் எடுத்தேன். நானும் குத்துக்காலிட்டேன். பின்னால் வெறும் வானம். அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் நிற்கிற பள்ளம், செங்குத்தான சுவரில் துளை போட்ட தடங்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக. கரடு கிரானைட்டாகப் போய்விட்டது. யாரைக் குறை சொல்ல? என் கடைப் படியும் கிரானைட், வீட்டு அடுப்பு மேடையும் கிரானைட்.

இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் போதும், விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பாட்டி மட்டும், “எம் பேத்தி நல்லா விழுந்திருக்காளா?” என்றார்.

முன்பு ஒரு அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, “படம் நல்லாருக்கு, ஆனா ஊர் பேரை ஏன் கெடுக்கணும்?” என்றார்கள். அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர் சியரா நெவாடா மலைகளை எடுத்த படப் புத்தகம் 1938இல் வந்தது. அது உள்துறைச் செயலர் வழியாக அதிபர் ரூஸ்வெல்ட் கை வரை போனது. 1940இல் அதே மலைகளில் உள்ள கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. படமே எல்லாம் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதற்காகப் பல வருடம் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதிகாரியின் மேஜைக்கு ஒரு படம் போய்ச் சேர்ந்தால் யார் பெயரும் கெட்டுவிடுவதில்லை.

கண்காட்சியை ஏன் கேட்கிறேன் என்றால், சென்னையில் ஆர்ட் கேலரிக்கு வருகிறவர் வேறு. மாங்கனிக் கண்காட்சிக்கு டெல்லி அப்பளமும் ராட்டினமும் தேடி வருகிற ஜனம் அந்தத் தண்ணீரில் பயிர் வைக்கிறது, அந்தக் குவாரியில் கூலிக்குப் போகிறது. துறை அரங்குகளின் வரிசையில் ஒரு ஓரம் போதும். பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் மூன்றடிக்கு இரண்டடி. கீழே ஊர், தேதி, நேரம், எடுத்தபோது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ‘விழிப்புணர்வு’ என்று கொட்டை எழுத்தில் பேனர் மட்டும் தயவுசெய்து வேண்டாம், அதைக் கண்டாலே ஆட்கள் வேகமாக நடப்பார்கள். அப்புறம், எந்தக் கம்பெனியையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப் போவதில்லை. ஊரும் தேதியும் மறைக்க மாட்டேன், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

பிரிண்ட் செலவு என்னுடையது. டியூப்லைட் நேர் மேலே இருந்தால் கண்ணாடியில் பளபளக்கும், அதனால் கண்ணாடி இல்லாத ஃபிரேம்தான் போடுகிறேன். சுவர் வடக்குப் பார்த்து இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் சமாளித்துக்கொள்வேன். ஆணியும் சுத்தியலும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பழையபேட்டை ஸ்டுடியோக்காரன்