அது புகை அல்ல

ஆசிரியருக்கு,

எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. மறுநாள் இரவு அந்த வெடிப்பில் எழுந்த மேகம் டெல்லி வான்வெளியை எட்டி விமானங்கள் ரத்தானபோது, செய்திகளில் அது 'புகை மண்டலம்' ஆகிவிட்டது. புகை என்றால் ஏதாவது எரிந்திருக்க வேண்டும். எரிமலைக்குள் எதுவும் எரிவதில்லை. பெயரில் 'எரி' இருப்பதால் வந்த வினை.

ஆழத்தில் கிடக்கும் பாறைக்குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் கரைந்திருக்கும். குழம்பு மேலேற அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் வாயு குமிழியிடும். குழம்பில் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) 50 சதவீத அளவில் இருந்தால் அது நீர்த்திருக்கும். வாயு தப்பிவிட, லாவா வழிந்தோடும். ஹவாயில் பெரும்பாலும் இப்படித்தான். சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டினால் முறுகிய பாகுபோல் இறுகிவிடும். வெளியேற வழியற்ற வாயு அந்தக் குழம்பையே சிதறடிக்கும். சிதறியதில் 2 மி.மீ.க்குக் குறைந்த துகள்களைத்தான் 'சாம்பல்' என்கிறோம். உண்மையில் அது பொடியான கண்ணாடியும் கல்லும். அடுப்புச் சாம்பல் விரலில் மாவாக வழுக்கும். இது அரம்போல் அறுக்கும், நீரில் கரையாது.

விமானங்கள் அஞ்சுவதும் இதற்குத்தான். ஜெட் இன்ஜினின் எரியறையில் துகள் உருகி, டர்பைன் பகுதியில் ஒட்டி, காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் காலுங்குங் எரிமலை மேகத்தில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747-க்கு நான்கு இன்ஜின்களும் நின்றன. மேகத்துக்குக் கீழே இறங்கியதும், ஒட்டியது குளிர்ந்து உதிர்ந்த பிறகே அவை மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் தரையிறங்கும்போது முன்கண்ணாடி தேய்ந்து மங்கியிருந்தது. விமானத்தின் வானிலை ரேடார் நீர்த்துளிகளைக் காண்பதற்கானது. உலர்ந்த நுண்துகள் அதில் தெரியாது.

தரையில் ஆபத்து எடைதான். 10 செ.மீ. படிவு மழையில் நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்த அதே நாளில் புயல்மழையும் சேர்ந்துகொண்டது. அப்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரை இடிந்து விழுந்து இறந்தவர்களே. ஆகவே கூரையில் குழாய்நீரைப் பீய்ச்சக் கூடாது. முகக்கவசம் அணிந்து, தூசி அடங்கும் அளவுக்கு மட்டும் தெளித்து, வாரி மூட்டையில் கட்ட வேண்டும். சாக்கடையில் தள்ளினால் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். கார் கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் கீறல் நிச்சயம்.

'சாம்பல்' பாடநூல்வரை ஊறிவிட்ட சொல். அதை மாற்றச் சொல்லவில்லை. 'புகை'யை விட்டுவிட்டு 'எரிமலைத் துகள்' என்று எழுதலாமே. அந்தமானின் பாரன் தீவு எரிமலை அடுத்த முறை குமுறும்போதே தொடங்கலாம்.

நிலவியல் ஆசிரியர்,
சேலம்