தமிழ் எழுத்தின் தலையை வெட்டாத தீம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. நீலகிரியில் பள்ளிகள், நூலகங்கள், தேயிலைக் கொழுந்து கணக்கு எழுதும் சிறு அலுவலகங்கள் என எங்கு போனாலும் பழைய கணினிகளை இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றலாமா என்ற பேச்சு இருக்கிறது. 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

மாற்றுவது நல்லதுதான். ஆனால் மாற்றிக் கொடுப்பவர்கள் வேகத்தைப் பார்க்கிறார்கள், பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள், திரையின் தோற்றத்தை மட்டும் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு முதல் தொல்லை அங்கேதான். எழுத்து சிறுத்துக் கிடக்கும், ஜன்னலின் ஓரம் மவுஸுக்குச் சிக்காது, தலைப்பில் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். தீம், அதாவது திரையின் தோற்றத் தொகுப்பை மாற்றுவது இளைஞர்களின் அலங்கார வேலை என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. பொதுமக்கள் உட்காரும் கணினியில் அது வாசிப்புக்கான அடிப்படை வேலை. குறைந்த நினைவகம் உள்ள கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை (லினக்ஸில் திரை, ஜன்னல், மெனுவைத் தரும் மென்பொருள்) வைத்து இதைச் சொல்கிறோம்.

எக்ஸ்எஃப்சிஇயில் தோற்றம் ஒரே இடத்தில் மாறுவதில்லை. பொத்தான், மெனு, ஐகான், எழுத்துரு ஆகியவை செட்டிங்ஸில் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் இருக்கின்றன. ஜன்னலின் தலைப்புப் பட்டையும் ஓரமும் ‘விண்டோ மேனேஜர்’ பகுதியில் தனியாக இருக்கின்றன. கர்சர் ‘மவுஸ் அண்ட் டச்பேட்’ பகுதியிலும், பின்னணிப் படம் ‘டெஸ்க்டாப்’ பகுதியிலும் உள்ளன. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, தலைப்புப் பட்டை பழைய நிறத்திலேயே நிற்கிறதே, தீம் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். கெட்டுப்போகவில்லை, இரண்டாவது இடத்திலும் அதே பெயருள்ள தீமைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழுக்குச் சிக்கல் தருவது இந்தத் தலைப்புப் பட்டைதான். எக்ஸ்எஃப்சிஇயில் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது எழுத்தின் அளவு அல்ல, தீமுக்குள் இருக்கும் சிறு படங்களின் உயரம். எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டை கூடவே வளராது. ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கிவிடும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும், கீழே உகர ஊகார வாலும் இருப்பதால் இரு பக்கமும் அறுபடும். புள்ளி அறுந்தால் ‘பட்டியல்’ என்பது ‘படடியல’ ஆகிவிடும். எழுத்தைக் குறைப்பது இதற்குத் தீர்வல்ல, அப்படிச் செய்தால் வயதானவர்களால் படிக்க முடியாது. எக்ஸ்எஃப்சிஇயுடன் வரும் ‘டிஃபால்ட்’ தீமுக்கு ‘எச்டிபிஐ’, ‘எக்ஸ்எச்டிபிஐ’ என்று பெயரோடு ஒட்டிய இரண்டு பெரிய வடிவங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பட்டை உயரமாகும், மூடும் பொத்தானும் பெரிதாகும். வேறு தீம் வேண்டுமென்றால் அதற்கும் இப்படிப் பெரிய வடிவம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொதுக் கணினிக்கு வேண்டாம்.

கீழே ஓடும் பேனலிலும் இதே கதைதான். பேனல் பிரிஃபரன்ஸில் ‘ரோ சைஸ்’ என்ற அளவை 34 பிக்சல் அளவுக்கு உயர்த்தினால் தமிழில் தேதியும் நேரமும் அறுபடாமல் நிற்கும். டெஸ்க்டாப் ஐகான்களுக்குக் கீழே வரும் பெயரின் எழுத்தளவு ‘டெஸ்க்டாப்’ பகுதியின் ‘ஐகான்ஸ்’ தாவலில் தனியாக இருக்கிறது. பலர் இதைத் தேடியே பார்ப்பதில்லை.

எழுத்துருவுக்கு வருவோம். தமிழ் எழுத்துரு எதுவும் இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்த எல்லா லினக்ஸிலும் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். திரைக்கு நோட்டோவையே பரிந்துரைக்கிறோம், கோடுகள் ஒரே தடிமனில் இருப்பதால் சிறிய அளவிலும் ‘ண’, ‘ன’ குழம்புவதில்லை. 14 அங்குலத்தில் 1366க்கு 768 பிக்சல் உள்ள திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 112 பிக்சல் வரும். கணினியோ 96 என்று கணக்கிட்டுக்கொள்வதால் எல்லாம் சிறுத்துத் தெரிகிறது. ‘அப்பியரன்ஸ்’ பகுதியின் ‘ஃபான்ட்ஸ்’ தாவலில் ‘கஸ்டம் டிபிஐ’ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்பதை 110 ஆக்குங்கள். எழுத்தளவு 11, ஹின்டிங் (எழுத்தைப் பிக்சல் கட்டத்துக்குப் பொருத்தும் முறை) ‘ஸ்லைட்’. ஹின்டிங்கை ‘ஃபுல்’ என்று வைத்தால் தமிழின் வளைவுகள் பிக்சல் கட்டத்துக்குள் இழுக்கப்பட்டு உடைந்து தெரியும். டிபிஐயை 130க்கு மேல் ஏற்றினால் சில பெட்டிகளின் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் 768 பிக்சல் உயரத்துக்குள் அவை அடங்காது. அப்படி மாட்டிக்கொண்டால் ஆல்ட் விசையை அழுத்தியபடி இடது பொத்தானால் ஜன்னலைப் பிடித்து மேலே இழுக்கலாம். அதே ஆல்ட் விசையுடன் வலது பொத்தானைப் பிடித்து இழுத்தால் ஜன்னலின் அளவு மாறும். ஒரு பிக்சல் ஓரம் மட்டும் உள்ள தீம்களில் தடவித் தடவி அலுத்துப்போகிறவர்களுக்கு இந்த ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

அடுத்து கறுப்பு தீம். கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும், மேற்கே கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது வழக்கம். அப்போது பேட்டரி நீடிக்கும் என்று நம்பிப் பலர் கறுப்பு தீமுக்கு மாறுகிறார்கள். எல்சிடி திரையில் அது நடக்காது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு கறுப்பைக் காட்டும்போதும் அதே அளவில்தான் எரிகிறது. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டும்தான் கறுப்பால் மின்சாரம் மிச்சம். இங்குள்ள பழைய மடிக்கணினிகள் எல்லாம் எல்சிடி. அவற்றில் பேட்டரியைக் காப்பாற்ற பிரைட்னஸைக் குறைப்பதுதான் வழி.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். மூடுபனி நாளில் அறையின் ஜன்னல் முழுவதும் ஒரே வெள்ளையாக ஒளிரும். அதற்கு எதிரே பளபளப்பான திரையில் கறுப்பு தீம் வைத்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆகிவிடும், எழுத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரியும். பகலில் ஜன்னலோரம் இருக்கும் கணினிக்கு வெளிர் பின்னணியில் கருமையான எழுத்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திரை, இதுவே சரி. உள்ளறையில், மாலைக்குப் பின் என்றால் அடர்சாம்பல் தீம் கண்ணுக்கு இதம். இணையத்தில் கிடைக்கும் பல தீம்களில் சாம்பல் மேல் சாம்பலாக எழுத்து இருக்கும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணையதளங்களுக்கான உலக அளவிலான அணுகல் விதி. டெஸ்க்டாப்புக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம், மெல்லிய கோடுகள் கொண்ட தமிழுக்கு 7க்கு 1 இருந்தால் இன்னும் நல்லது.

கறுப்பு தீமில், கடிதமும் மனுவும் எழுதும் மென்பொருளான லிப்ரேஆபிஸ் ஒரு வலை விரிக்கும். எழுத்தின் நிறம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் திரையில் வெள்ளையாகத் தெரிந்தாலும் அச்சில் கறுப்பாகவே வரும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று எழுத்துக்கு வெள்ளை நிறத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவருக்கோ வெற்றுத் தாள்தான் வெளியே வரும். மனு, விண்ணப்பம் அச்சிடும் கணினிகளுக்கு இதனாலேயே வெளிர் தீம் பாதுகாப்பானது.

வெளியிலிருந்து தீம் இறக்குபவர்களுக்கு: சுருக்கிய கோப்பை விரித்தால் பெரும்பாலும் கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை இருக்கும். ‘இண்டெக்ஸ்’ என்று தொடங்கும் தீம் கோப்பு எதில் நேரடியாக இருக்கிறதோ அந்தக் கோப்புறையைத்தான் தீம்களுக்கான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு படி வெளியே இருப்பதை வைத்தால் பட்டியலில் தீம் வராது. தனிப் பயனரின் கோப்புறையில் வைத்ததை, நிர்வாகி உரிமையுடன் திறக்கும் மென்பொருள்கள் பார்ப்பதில்லை, அவை மட்டும் பழைய தோற்றத்தில் நிற்கும். கணினி முழுவதற்குமான பொதுக் கோப்புறையில் வைத்தால் எல்லாம் ஒன்றுபோல் வரும். லிப்அத்வைதா என்ற நூலகத்தில் எழுதப்பட்ட புதிய நோம் (இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்) மென்பொருள்கள் எந்தத் தீமுக்கும் கட்டுப்படுவதில்லை, அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇக்குப் பதில் கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், தோற்றம் முழுவதையும் ஒருசேர மாற்றும் ‘குளோபல் தீம்’ விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அவற்றுக்குள் நிரல் ஓட இடமுண்டு. அப்படி ஒரு தீமால் ஒருவரின் கோப்புகள் அழிந்துபோய், கேடிஇ தரப்பே 2024 மார்ச்சில் எச்சரிக்கை விடுத்தது.

விண்டோஸிலேயே தொடர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11ல் ‘அக்சஸிபிலிட்டி’ பகுதியில் எழுத்தளவை மட்டும் 225 சதவீதம் வரை ஏற்றலாம். சிஸ்டம் கோப்பைத் திருத்தி வெளித் தீம் ஏற்றும் மென்பொருள்கள் அடுத்த பெரிய அப்டேட்டில் உடையும், சில சமயம் திரையே வராது. தொடாதீர்கள்.

கடைசியாக, நூலகர்களும் கணினி ஆசிரியர்களும் அதிகம் கேட்பது: ஒருமுறை அமைத்த தோற்றத்தை மாணவர்கள் கலைத்துவிடாமல் காப்பது எப்படி? எக்ஸ்எஃப்சிஇ தன் அமைப்புகளை எக்ஸ்எம்எல் என்ற வடிவில் எழுத்துக் கோப்புகளாகச் சேமிக்கிறது. அவற்றைக் கணினியின் பொது அமைப்புக் கோப்புறையில் நகலெடுத்து, பூட்ட வேண்டிய வரியில் ‘லாக்டு’ என்ற பண்பை நட்சத்திரக் குறியுடன் சேர்த்தால் அந்த அமைப்பைப் பயனர் மாற்ற முடியாது. அந்தப் பயனர் உள்ளே இருக்கும்போது அவருடைய கோப்பைத் திருத்தினால் திருத்தம் நிற்காது. பின்னணியில் ஓடும் நிரல் தன் நினைவில் வைத்திருப்பதை மறுபடி அதன் மேல் எழுதிவிடும். வெளியேறி, நிர்வாகி கணக்கில் நுழைந்து செய்யுங்கள்.

முழுக் கோப்பையும் பூட்டாதீர்கள் என்று மாவட்டத்தில் பொதுக் கணினிகளை நிர்வகிக்கும் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். தீம், ஐகான், பேனல் வரிகளைப் பூட்டினால் போதும். எழுத்துரு, டிபிஐ இரண்டையும் திறந்தே விட்டு, அவற்றை மாற்றும் பகுதிக்கு டெஸ்க்டாப்பில் ‘எழுத்தைப் பெரிதாக்க’ என்று தமிழில் பெயரிட்ட ஐகான் ஒன்றை வையுங்கள்.

இப்படிக்கு,
கணினி பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.