இடிக்காமல் விட்ட வீடு

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேரனின் பரீட்சை முடிவை வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் வளவிலுள்ள பழைய கோர்க்காலியை, அந்த மர நெற்களஞ்சியத்தை, கழற்றி மரத்தை விற்கப் போவதாக நீர் எழுதியிருந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் ரொறன்ரோவின் வடமேற்கு எல்லையிலுள்ள பிளாக் கிரீக் கிராமத்துக்கு, பழைய கட்டடங்களைக் காத்துவைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு, போய் வந்திருந்தேன்.

பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மன் வம்சாவளியினரான டேனியல் ஸ்டோங்கும் எலிசபெத்தும் காடு வெட்டிக் கமம் செய்த நிலம் அது. 1816-இல் அவர்கள் கட்டிய மரவீட்டில் தலையைக் குனிந்துதான் நுழைந்தேன். செதுக்கிய மரங்கள் மூலைகளில் ஒன்றையொன்று கவ்வி நிற்க, இடைவெளிகளில் சாந்து அப்பியிருக்கிறது. 1832-இல் பெரிய வீடு கட்டியபோதும் இந்தச் சிறிய வீட்டை அவர்கள் இடிக்கவில்லை. இரண்டையும் அருகருகே பார்க்கையில், ஒரு குடும்பம் தலையெடுத்த பதினாறு ஆண்டுகளும் விளக்கமின்றியே விளங்கிவிடுகின்றன. 1825-இல் எழுப்பிய தானியக் களஞ்சியமும் அங்கே நிற்கிறது.

மற்றக் கட்டடங்களிற் பல வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1842-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரொப்ளின் மாவாலை பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டத்திலிருந்து வந்தது. ஆலைக்காரர் மாவை விரல்களுக்கிடையே தேய்த்துச் சூடு பார்ப்பாராம். கற்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் மா சூடேறிக் கெட்டுவிடும். எங்கள் அம்மா திரிகைக் குழியில் ஒவ்வொரு பிடியாக உழுந்து போட்ட கணக்கும் ஏறக்குறைய இதுதானே! அங்குள்ள பழைய சத்திரமோ எங்கள் ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்ட் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் நின்றதாம். அந்த மூலையைப் பேருந்தில் எத்தனை முறை கடந்திருக்கிறேன், ஒன்றும் அறியாமல்.

1960-இல் திறந்தபோது 'பயனியர் வில்லேஜ்' என்றே பெயர் வைத்தார்கள். அண்மையில், முதலில் வந்து குடியேறியவர் என்று பொருள்படும் 'பயனியர்' என்ற சொல்லை நீக்கிவிட்டார்கள்; 2017-இல் திறந்த சுரங்க ரயில் நிலையத்தின் பலகையில் மட்டும் அது இருக்கிறது. நீக்கியது சரியென்றே நினைக்கிறேன். ஸ்டோங் குடும்பம் வந்த நிலம் ஆளற்ற காடல்ல. 1805-இல் அங்கிருந்த பூர்வகுடிகளான மிசிசாகா மக்களிடமிருந்து இரண்டரை இலட்சம் ஏக்கரைப் பத்து ஷில்லிங்குக்கு ஆங்கிலேய அரசு எழுதி வாங்கியது. அதற்கு ஈடாகக் கனடிய அரசு 14.5 கோடி டொலர் கொடுத்தது 2010-இல்தான். காணி பறிபோன கதை தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆயினும் எலிசபெத்தின் அடுப்படியில் நின்றபோது அவள் உழைப்பைக் குறைத்து நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கோர்க்காலி உமது சொத்து. விற்பதும் வைப்பதும் உமது விருப்பம். கழற்றுவதென்று முடிவானால், முதலில் நான்கு பக்கமும் படமெடுத்து, பொருத்துகளின் அளவையும் எழுதி எனக்கு அனுப்பும். அதன் பின்பலகையில் நாமிருவரும் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு இன்னமும் இருக்கிறதா என்றும் பாரும்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்