அடுக்குமாடி வீடு வாங்குவது குறித்து மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கிரய ஒப்பந்த நகல் வந்து சேர்ந்தது. பத்திரம் எழுதியே பிழைத்தவன் என்பதால், வண்ண விளம்பரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் தபசிலைத்தான், அதாவது சொத்து விவரப் பட்டியலைத்தான் பார்த்தேன். செக்குபந்திக்கு, அதாவது நான்கு எல்லை விவரத்துக்குக் கீழே, உங்களுக்குச் சேரும் பிரிபடாத பாகம், அதாவது பொது மனையில் உங்கள் பங்கு, 340 சதுர அடி என்று கண்டிருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1,120 சதுர அடியில் படிக்கட்டும் லிப்டும் நடைவழியும் அடக்கம். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு புழங்கப்போகும் கார்பெட் ஏரியா 790 சதுர அடிதான்.

கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு குறையும். ஏறுவது அடிமனையின் மதிப்பு. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்படி ஒரு நாள் வரும்போது உன் கையில் பேரம் பேச மிஞ்சியிருப்பது அந்த 340 சதுர அடி மட்டுமே. வீட்டுக்குக் கேட்கும் 78 லட்ச ரூபாய்க்கு அது மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

வாடகையாக மாதம் 22,000 ரூபாய் கொடுப்பது தண்டம் என்று உன் அத்தை சொன்னது உன்னை உறுத்துகிறது என்று அம்மா சொன்னாள். 60 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 52,000 ரூபாயை ஒட்டி வரும். முதல் மாதத் தவணையில் 42,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது பத்தாயிரம்கூட இல்லை. கடன் தீரும்போது நீ கட்டியிருக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி. இதற்கு மேல், கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், பத்திரப்பதிவின்போது முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம். இவை இரண்டும் சேர்ந்தே ஒன்பது லட்சத்தைத் தாண்டும். மாப்பிள்ளைக்கு ஐதராபாத் மாறுதல் வருமா என்பதே தெரியாத நிலையில், இவ்வளவு பெரிய தொகையை ஓரிடத்தில் முடக்க வேண்டுமா?

பாளையங்கால் பாசனத்து நஞ்சையை விற்று முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறாள் அம்மா. உனக்கு இல்லாதது எங்களுக்கு எதற்கு? ஆனால் பட்டாவும் சர்வே எண்ணும் முழுதாக நம் பேரில் இருக்கும் மண்ணைக் கொடுத்து, எண்பது குடும்பங்களுக்குப் பொதுவான மனையில் ஒரு துண்டு பாகம் வாங்க என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. இந்த வாரத்துக்குள் விலையில் 20 சதவீதம் கட்டச் சொல்லி வீடு கட்டி விற்பவர்கள் அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தாய். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இதை மரியாதையாக, எழுத்திலேயே கேள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மாறுதல் விஷயம் தெளிவாகும் வரை இப்போதைய வீட்டிலேயே இருங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் எழுதியிருந்தாலொழிய, ஒப்பந்தக் காலம் முடியும் முன் வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற முடியாது. சென்னையிலேயே நிலைப்பது என்று ஆன பிறகு, இரண்டு மூன்று மாடி மட்டுமே உள்ள, பாகம் கூடுதலாகக் கிடைக்கும் பழைய கட்டடங்களைப் பாருங்கள். பிடித்த வீடு அமைந்தால் மூலப்பத்திர நகலையும் 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழையும் எனக்கு அனுப்பு. நான் படித்துப் பார்த்து எழுதும் வரை அட்வான்ஸ் கொடுக்காதே. மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அன்புடன்,
அப்பா