ஆவுளியாவையும் கடற்புல்லையும் காக்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள்,
தொண்டி – திருப்பாலைக்குடி கடற்கரை ஊர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கரையோரக் கடற்புல் பகுதியில் இழுவைமடியை (கடலடியில் இழுத்துச் செல்லும் பெரிய வலையை) தடுத்தல், ஆவுளியாவை விடுவிக்க அறுக்கப்படும் வலைக்கு ஈடு வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் ஆவுளியா என்றும் அரசு ஆவணங்கள் கடற்பசு என்றும் குறிப்பிடும் உயிரினத்திற்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பில் 2022 செப்டம்பரில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை எங்கள் மாவட்டத்திற்கு வடக்கிலேயே முடிந்துவிடுகிறது. கடற்புல்லோ தெற்கேயும் விளைந்து கிடக்கிறது, ஆவுளியாவும் இங்கு மேய வருகிறது.

ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்று ஈன்று, அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும் உயிர் அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகிறது. எங்கள் திருக்கை வலையிலும் சிக்குவதுண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். சென்ற வாடைக்காலத்தில் எங்களில் ஒருவர் வலையை அறுத்து ஒன்றை உயிருடன் விட்டார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். வலைக்கு வாங்கிய கடன்தான் இன்னும் அடையவில்லை.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. ஆயினும் இரவில் அவை கரையோரம் வந்து மடி இழுக்கையில் புல் வேரோடு வாரப்பட்டு, மறுநாள் எங்கள் வலையில் மீனுக்குப் பதிலாக நாங்கள் தாழை என்னும் அறுந்த கடற்புல்லே ஏறுகிறது. ஓரா மீனும் நண்டும் இறாலும் குஞ்சாக வளரும் இடம் அதுவே ஆதலால், ஆவுளியாவின் மேய்ச்சல் அழிவதும் எங்கள் அடுப்பு அணைவதும் ஒரே இழுப்பில் நடக்கின்றன.

எனவே இரவு ரோந்தை முறைப்படுத்தி, புல் உள்ள இடங்களை மிதவையிட்டு அடையாளப்படுத்தவும், ஆவுளியாவை விடுவிக்க அறுத்த வலைக்கு ஒரு மாதத்திற்குள் ஈட்டுத்தொகை கிடைக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். அவ்வாறு செய்தால், புல்லின் மேல் திருக்கை வலை வைப்பதில்லை என்று எழுதித் தர ஆயத்தமாக உள்ளோம்.

பாதுகாப்பகத்தைத் தெற்கே நீட்டுவதாயின், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 36ஏ கூறுகிறவாறு முதலில் எங்களுடன் கலந்தாலோசிக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான பின் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தடையால் படும் பாட்டை அறிந்தவர்கள் என்பதால் இதை வலியுறுத்துகிறோம். வத்தை என்னும் எங்கள் சிறு படகுக்கும் நண்டு வலைக்கும் தடை வராது என்பதை அறிவிக்கையிலேயே எழுதித் தருமாறு பணிவுடன் கோருகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட ஊர்களின் நாட்டுப்படகு மீனவர்கள்