அப்பா, நான் கையெழுத்துப் போடவில்லை

அப்பா,

நாளைக்கு உங்கள் முதல் தெவசம். மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீஸில், நம் வயலில் உள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்துக்கு அவன் டோக்கன் போட்டு வைத்திருக்கிறான். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

சொந்தபந்தத்தில் நாலு பேர் இதைப் படிப்பார்கள், அண்ணனும் படிப்பான். அதனால் போன வாரம் போனில் பேசிக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன். அவன் கெட்டவன் இல்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக உங்களைத் தூக்கிச் சுமந்தவன் அவன்தான். அதை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பத்திரம் என்றதும் நம் வீட்டு முன்கட்டில், உங்கள் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்த அந்த அக்காதான் கண்முன் வருகிறார். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மே மாசம். ஊரும் பேரும் வேண்டாம். கட்சிக்காரர் விஷயம் வக்கீல் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது, கேஸ் முடிந்தாலும் அந்தக் கடமை முடியாது என்பீர்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளைகிற பூர்வீக வயல். அண்ணன்மார் இருவரும் உங்கள் பழைய கட்சிக்காரர்கள். அக்கா தன் பங்கை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் எழுதப் பீஸும் கொடுத்தாயிற்று. அக்கா நாற்காலி நுனியில், மூடி கழற்றாத பேனாவைப் பிடித்தபடி இருந்தார். நான் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றேன்.

"ரெண்டு பேரும் செத்த வெளிய இருங்க" என்று அண்ணன்மாரை அனுப்பிவிட்டு, பத்திரத்தை வரி விடாமல் வாசித்துக் காட்டினீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"தாயி, கல்யாணம் எந்த வருசம்?"

"தொண்ணூறு ஆவணியில, சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அன்றைக்கு இருந்த சட்டத்தைச் சொன்னீர்கள். "எம்பத்தொம்பது மார்ச் இருவத்தஞ்சுக்கு முந்தி கட்டிக் குடுத்திருந்தா வேற கதை. அதுக்குப் பொறவு கட்டிக்கிட்ட பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல அண்ணன்மாருக்குச் சமமாப் பங்குண்டு. போட்ட நகையை அதுல கழிக்க முடியாது. விட்டுக் குடுக்கணும்னு மனசிருந்தா குடு. என்ன குடுக்கோம்னு தெரிஞ்சு குடு. வீட்டுக்குப் போயி ஒரு ராத்திரி யோசிச்சிட்டு வா."

அக்கா பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே அந்தக் குடும்பத்துக் கேஸ் கட்டுகள் எல்லாம் பீரோவிலிருந்து வெளியே போயின. பீஸைத் திருப்பிக் கொடுத்தீர்கள். சொந்தக் கட்சிக்காரனுக்கே குழி பறித்த வக்கீல் என்று மற்ற வக்கீல்கள் பேசினார்கள். யாருடைய பீஸை வாங்கினீர்களோ அவர்களுக்குத்தானே வக்கீல் என்று இன்றைக்கும் ஒருவர் வாதாடலாம். தெரியாமல் போட்ட கையெழுத்தை நாளைக்கே கோர்ட்டில் உடைப்பார்கள், அதைத் தடுத்ததும் அவர்களுக்குச் செய்த நல்லதுதான் என்று நீங்கள் சொன்ன பதில் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. உங்களை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமை வருவது அந்த ஒரு சாயங்காலத்தால்தான்.

ஆனால் சென்னையில் சட்டம் படிக்க நான் ஆசைப்பட்டதும் அந்தக் கட்டுகளின் வருமானத்தோடு சேர்ந்து போனது. பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய் பி.ஏ. படிக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். யாரோ ஒரு அக்காவுக்கு யோசிக்க ஒரு ராத்திரி கொடுத்த மனுஷன், பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே அப்பா. செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசப் போவீர்கள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடியது, 1908-ல் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றது, வக்கீல் தொழில் செய்யும் உரிமையான சன்னதை இழந்தது, விடுதலையாகி வறுமையில் உழன்றது எல்லாம் வரும். அத்தனைக்கும் கூடவே நின்று பாடுபட்ட மீனாட்சி அம்மாளைப் பற்றி நீங்கள் ஒரு தடவைகூடப் பேசி நான் கேட்டதில்லை. நம் வீட்டில் அம்மா ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டு பேசாமல் இருந்ததையும் நீங்கள் பார்க்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தெவசத்துக்கு முந்தின நாள் எழுதுகிற எழுத்தா இது என்று பெரியம்மா கேட்பாள். வேறு எந்த நாளில் எழுதுவது? மறுநாள் பேனா என் கையில் இருக்கும்.

நதியுண்ணிக் கால் பாசனத்து நம் வயல் நீங்கள் சம்பாதித்து வாங்கியது. உயில் கிடையாது. 1956-ம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் சரிபங்கு. "உனக்குத்தான் கல்யாணத்துக்குப் போட்டாச்சே" என்று சித்தப்பா சொல்கிறார். அதற்கு நீங்கள் அந்த அக்காவுக்குச் சொன்ன பதிலைத்தான் நானும் சொன்னேன். ஒரு ராத்திரி இல்லை, பல ராத்திரி யோசித்துவிட்டேன்.

அந்த நிலத்தில் நான் வந்து உழப்போவதில்லை. அண்ணனே பயிர் வைக்கட்டும், கார், பிசானம் இரண்டு போகமும் அவனே அறுத்துக்கொள்ளட்டும். பட்டா மூன்று பேர் பேரிலும் மாற வேண்டும், அவ்வளவுதான். என் பங்கைவிட அம்மா பங்குக்குத்தான் பயமாக இருக்கிறது. அதே பத்திரத்தில் அம்மாவும் கையெழுத்துப் போடுவதாக எழுதியிருக்கிறார்கள். யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. நாளைக்குப் படையல் முடிந்ததும் முன்கட்டில் உட்கார வைத்து நான் வாசித்துக் காட்டுவேன். போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

அண்ணன் என்னோடு பேசாமல் போகலாம். ஊருக்கெல்லாம் உயில் எழுதிக் கொடுத்தீர்களே அப்பா, நமக்கும் ஒன்று எழுதி வைத்திருந்தால் அவனை எதிர்த்து நான் நிற்க வேண்டி வந்திருக்காது.