நான்காம் பாடத்தை மாற்றித் தாருங்கள், ஐயா

நம் திருமண்டலக் கிறிஸ்தவக் கல்விக் குழுவின் கனம்பொருந்திய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

ஸ்தோத்திரம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்பின் கைநூலில், நான்காம் பாடத்தைப் பற்றி நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. அது வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் கைநூல் புது அட்டையோடு மறுபதிப்பே வந்துவிட்டது. நான்காம் பாடத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆகவே இந்தத் தடவை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மன்னியுங்கள்.

பாடம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார் என்ற திரித்துவத்தை விளக்குவது. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. ஒரே பொருள், மூன்று நிலை. அதுபோலவே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு ஐஸ் கட்டி, ஆவி பறக்கும் ஒரு கெட்டில். இந்தத் திரித்துவ ஞாயிறன்று எங்கள் சபைக்கு வந்த செய்தியாளரும் ஃபிளாஸ்க்கோடுதான் பிரசங்க பீடம் ஏறினார். சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எனக்குக் கை தட்ட வரவில்லை.

என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். அதில் ஒருத்தி பத்தாம் வகுப்பு. பள்ளி வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு முஸ்லிம் பிள்ளை. வம்புக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான், 'உங்களுக்கு மூணு கடவுளா?' என்று கேட்டிருக்கிறாள். நம் பிள்ளை நான்காம் பாடத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். தோழி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாளாம்: 'தண்ணி ஐஸா ஆயிட்டா அது ஆவியா இருக்காதே. அப்போ இயேசு பூமியில இருந்தப்ப மேல யாரு இருந்தா?'

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இவள் நின்றுகொண்டிருந்தாள். கைநூலை என் மேசையில் வைத்தாள். 'டீச்சர், கெத்செமனே தோட்டத்துல ராத்திரி இயேசு யார்கிட்ட ஜெபம் பண்ணினார்? அவர்கிட்டயேவா? சிலுவையில "ஏன் என்னைக் கைவிட்டீர்"ன்னு கேட்டாரே, அது நடிப்பா?'

நடிப்பா. அந்தச் சொல் வந்து விழுந்த இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். உங்கள் பாடம் நேராகக் கொண்டுபோய் விடுவது அங்கேதான். ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டி வருகிறார் என்று சொல்லிக்கொடுத்தால், ஒரு புத்திசாலிப் பிள்ளை நாடகமா என்று கேட்கத்தான் செய்யும்.

நீங்கள் எல்லோரும் இறையியல் கல்லூரியில் படித்து வந்தவர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். 3ஆம் நூற்றாண்டில் ரோமில் சபேலியுஸ் என்ற போதகர் சொன்னதும், அவருக்குச் சற்று முன் பிரக்ஸேயஸ் என்பவர் சொன்னதும் சாரத்தில் இந்தத் தண்ணீர்க் கணக்குதான்: கடவுள் ஒருவரே, தோன்றும் விதம்தான் வேறு. கார்த்தேஜ் நகரத்து இறையியல் எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிரக்ஸேயஸைக் கிண்டலடித்தே எழுதினார்: ஆவியானவரைத் துரத்திவிட்டார், பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று. பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து அதே கேள்வியை ஒரு பள்ளி வேனில் ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள். சபை அன்றைக்கே தவறு என்று தள்ளிய போதனையை நாம் வண்ணப்படம் போட்டு அச்சடித்து, பிரதிக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறோம்.

போன வாரம் குழுவைச் சேர்ந்த ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் எனக்குப் பாடம் எடுத்தார். 0.01 டிகிரி செல்சியஸில் ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் சேர்ந்தே இருக்குமாம், அது டீச்சருக்குத் தெரியாதா என்று. தெரியும், ஐயா. அதற்கு அழுத்தமும் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 166இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். அப்போதும் ஐஸில் இருக்கும் மூலக்கூறு ஐஸில்தான் இருக்கும், அதே மூலக்கூறு அந்த நேரத்தில் ஆவியிலும் இருக்காது. ஐஸ் ஆவியை நேசிக்கவும் செய்யாது.

கடைசி வரிதான் முக்கியம். மத்தேயு 3ஆம் அதிகாரத்தில் குமாரன் யோர்தானிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், 'இவர் என்னுடைய நேசகுமாரன்' என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. மூவரும் ஒரே நேரத்தில், ஒருவரை நோக்கி ஒருவர். யோவான் 17இல் 'உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்' என்று இயேசு பிதாவிடம் சொல்கிறார். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே, ஒன்றுமே படைக்கப்படாதபோது அவர் யாரை நேசித்தார் என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. இதை அந்தப் பிள்ளையிடம் என்னால் முடிந்த அளவு சொன்னேன். 'இது புக்ல இல்லியே டீச்சர்' என்றாள்.

புக்கில் இருப்பது வேறு. பாடத்தின் கடைசியில் ஆதார வசனம் என்று 1 யோவான் 5:7ஐக் கொடுத்திருக்கிறீர்கள். 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்' என்ற அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ், 1516லும் 1519லும் வெளியிட்ட பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். ஒரு பையன் போனில் புதிய மொழிபெயர்ப்பைத் திறந்து, 'வசனத்தையே காணோமே டீச்சர்' என்று காட்டுகிறான். மத்தேயு 28:19 இருக்கிறது, 2 கொரிந்தியர் 13:14 இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு எதற்கு இதைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

2025இல், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று ஆயர்கள் கூடி அறிக்கையிட்ட நிசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டு என்று கொண்டாடினோம். மேடை, மாலை, பொன்னாடை, ஆளுயர ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸில் அந்த அறிக்கைக்காகப் போராடிய ஆயர் அத்தனாசியுஸைத் தவிர மற்ற எல்லார் படமும் இருந்தது. அந்த மனிதர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்பதை விட்டுக்கொடுக்காததற்கு அவர் கொடுத்த விலை அது. நாம் விசுவாசப்பிரமாணத்தை நாற்பது வினாடியில் சொல்லி முடித்து உட்கார்ந்துவிடுகிறோம். 4ஆம் நூற்றாண்டுக் கான்ஸ்டாண்டிநோபிளில் ரொட்டி விலை கேட்டால் கடைக்காரன் பிதா பெரியவர், குமாரன் அவருக்குக் கீழ் என்று பேச ஆரம்பித்துவிடுவான் என்று நிசா நகர ஆயர் கிரகோரி சலித்துக்கொண்டார். நம் சபைகளில் அப்படி எந்தத் தொல்லையும் இல்லை. சேகரத் தேர்தலில் எந்த அணி ஜெயிக்கும் என்று கேட்டுப் பாருங்கள், ரொட்டிக்கடை என்ன, பூக்கடையிலும் பதில் கிடைக்கும். வேட்பாளர் நோட்டீஸில் எழுத்துப்பிழை வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி மறுபடி அச்சடிக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் கேட்க நான் வரவில்லை. கோபத்தில் வந்துவிட்டது.

கேட்பது சின்ன விஷயம். நான்காம் பாடத்தை மாற்றித் தாருங்கள். உவமை இல்லாமல் முடியாது என்றால் தெர்த்துல்லியன் சொன்ன ஊற்று, ஆறு, வாய்க்கால் இருக்கிறது. மூன்றிலும் ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில் ஓடுகிறது. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். அதுவும் முழுமையில்லைதான், ஆனால் யாரையும் நடிகராக்காது. புதுப் பாடம் எழுத நாளாகும் என்றால் அதுவரை அந்தப் பக்கத்தை நடத்த வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். முடிந்தால் எங்களைப் போன்ற வகுப்பாசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கி, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து நடத்துங்கள். படிக்காசு வேண்டாம், மதியச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம்.

திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் ஐயா வர இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பதின்மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் படிவம் கையெழுத்தில்லாமல் என் பையிலேயே இருக்கிறது. அவள் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான்காம் பாடத்தை மாற்றித் தாருங்கள், ஐயா.

கிறிஸ்துவுக்குள்,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியை ஒருத்தி